சுவருக்கு வந்து சேரும் வழி

முதல் கண்காட்சி வைக்கும் இளம் ஓவியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது என்றுதான். படத்தின் நடு, தரையிலிருந்து ஏறக்குறைய 58 அங்குலம் என்பேன். நின்று பார்ப்பவரின் கண்மட்டம் அது. பெரிய அருங்காட்சியகங்களும் இதை ஒட்டித்தான் மாட்டுகின்றன. நான் எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியில் பிரிண்ட்மேக்கிங் படித்தவன். இப்போது டேப்பும் ரசமட்டமும் டிரில்லுமாகச் சென்னையின் காட்சிக்கூடங்களில் மற்றவர்களின் படைப்புகளைச் சுவரில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். கல்லூரி வாசலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் எத்தனையோ நல்ல கைகள் தொலைந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கோடு போடவும் நிறம் குழைக்கவும் ஐந்தாறு வருஷம் சொல்லித் தருகிறோம். படைப்பைப் பத்துப் பேர் முன்னால் கொண்டு வைப்பது எப்படி என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

சமீபத்தில் சிவகாசியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் படைப்புகளை மாட்டினேன். அங்கே அச்சகங்களில் கலர் சரியாக விழும்வரை இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கும் தாள்களை வேஸ்ட் ஷீட் என்று ஒதுக்குவார்கள். ஒரே தாளைப் பல வேலைகளுக்கும் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் முருகன் மேல் புஸ்வாணப் பெட்டியின் லேபிள், அதன்மேல் நோட்டுப் புத்தக அட்டை, அதற்கும் மேல் காலண்டர் கட்டங்கள் என்று எல்லாம் ஏறிக் கிடக்கும். இந்தப் பெண்ணின் அம்மா பைண்டிங் வேலைக்குப் போகிறவர். தாள் மடிக்கிற, பசை தடவுகிற, ஊசி கோக்கிற அம்மாவின் கைகளை மரப்பலகையில் செதுக்கி, அந்த வேஸ்ட் ஷீட்டுகளின் மேலேயே கறுப்பு மையில் அச்சிட்டிருந்தார். இதை வுட்கட் என்போம். பலகையில் தோண்டிய இடம் மை ஏறாமல் விட்டுப்போகும். அந்த இடைவெளியில் தாளின் பழைய நிறம் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் ஆள்காட்டி விரலின் நகத்தடியில் கொஞ்சம் மஞ்சள். அது அவர் பூசியதல்ல. அடியில் இருக்கும் ஏதோ ஒரு சாமியின் பட்டாடை.

ஃபிரேம் போட்டுக் கண்ணாடி வைக்கலாம் என்றேன். “கண்ணாடி வேண்டாம்ணே. அச்சாபீஸ்ல தாள் கிடக்கிற மாதிரியே இருக்கணும்” என்றார். அவர் சொன்னது சரி. சுவரில் மெல்லிய இரும்புப் பட்டை அடித்து, சிறு காந்தங்களால் தாளின் மேல்விளிம்பைப் பிடிக்க வைத்தோம். சென்னை ஈரக்காற்றில் தாள் சுருளும் என்பதால் கீழ்விளிம்புக்கும் காந்தம் வைக்க வேண்டியிருந்தது. அடுத்தது வெளிச்சம். தாளில் செய்த படைப்புக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும்; எண்ணெய் வண்ண ஓவியம் 200 வரை தாங்கும். அச்சக மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். கூடத்தின் விளக்குகளைத் திருப்பி எதிர்ச்சுவரில் அடிக்க விட்டோம். அங்கிருந்து தெறித்து வந்த வெளிச்சத்திலேயே கைகள் நன்றாகத் தெரிந்தன.

அந்தச் சுவர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். சென்னையில் புதியவர்களுக்கு எட்டக்கூடிய முதல் இடம் கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம். 1954இல் டெல்லியில் தொடங்கப்பட்ட மத்திய அகாதெமியின் கிளை அது. படைப்புகளின் புகைப்படங்களோடு விண்ணப்பித்து, தேதி ஒதுக்கும்வரை காத்திருந்து, வாடகை கட்ட வேண்டும். வாடகையோடு முடிவதில்லை. ஃபிரேம், டாட்டா ஏஸ் வண்டி, அழைப்பிதழ், கேட்லாக், திறப்பு நாளின் டீ பிஸ்கட் எல்லாம் ஓவியரின் கைக்காசு. ஒரு படம்கூட விற்பதற்கு முன்பே போகிற காசு இது. அதனால்தான் நான்கைந்து பேர் சேர்ந்து குழுக் கண்காட்சி வைக்கிறார்கள். இந்தப் பெண்ணும் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்துதான் வைத்தார். தனியாக வைப்பதைவிட இது குறைச்சல் என்று நினைக்கத் தேவையில்லை. பக்கத்துச் சுவரில் இன்னொருவர் வேலை நிற்கும்போதுதான் தன் வேலை எங்கே நிற்கிறது என்று தெரியும்.

தனியார் காட்சிக்கூடங்கள் வேறு மாதிரி. பெரும்பாலும் வாடகை கேட்க மாட்டார்கள். விற்றால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கழிவு எடுத்துக்கொள்வார்கள். பாதியா என்று இளைஞர்கள் பதறுகிறார்கள். வாங்குகிறவரைத் தேடிப் பிடிப்பதும், பேசிப் புரியவைப்பதும், வருஷக்கணக்கில் ஓர் ஓவியரின் பெயரைத் தாங்கி நிற்பதும் பெரிய வேலை. அதைச் செய்கிற கூடத்துக்குப் பாதி கொடுக்கலாம். சுவரை மட்டும் கொடுத்துவிட்டுப் பாதி கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. என் நண்பன் ஒருவன் வாய்வார்த்தையை நம்பிப் படங்களைக் கொடுத்துவிட்டு, விற்றதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் இரண்டு மழைக்காலம் அலைந்தான். எத்தனை படம், என்ன விலை, எந்தத் தேதியில் திருப்பித் தருவார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

கேன்வாஸை விற்றாலும் காப்புரிமை ஓவியரிடமேதான் இருக்கும். எழுதிக் கொடுத்தால் தவிர அது போகாது. 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. விற்ற ஓவியம் பின்னாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அந்தத் தொகையில் 10 சதவீதம்வரை பங்கு கேட்க ஓவியருக்கு உரிமை உண்டு. இந்த உரிமை தனக்கு இருப்பது தெரியாமலேயே ஒரு தலைமுறை போய்விட்டது. கல்லூரியின் கடைசி வருஷத்தில் இதை ஒரு வகுப்பாக நடத்தினால் என்ன?

விலை வைப்பதிலும் இதே திணறல்தான். ஓவியத்துக்குச் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும் வழக்கம் இருக்கிறது. அச்சுப் படைப்பில் கீழே பென்சிலில் 3/10 என்று எழுதியிருந்தால், ஒரே பலகையில் பத்துப் பிரதி எடுத்ததில் இது மூன்றாவது என்று பொருள். பத்து முடிந்தபின் மீண்டும் எடுக்கக் கூடாது. அந்த நேர்மையில்தான் விலை நிற்கிறது. சிவகாசிப் பெண்ணுக்கு இதில் ஒரு சிக்கல் வந்தது. பலகை ஒன்றே, ஆனால் அடித்தாள் ஒவ்வொன்றும் வேறு. எல்லாவற்றிலும் 1/1 என்று எழுதினார். இரண்டு படைப்புகளின் பக்கத்தில் விற்றதற்கு அடையாளமான சிவப்புப் பொட்டு ஒட்டினேன்.

சந்தை இல்லாத காலத்தில் இந்த ஊர் ஓவியர்கள் என்ன செய்தார்கள் என்று இளையவர்களிடம் அடிக்கடி சொல்வேன். எழும்பூர்க் கல்லூரி 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1960களில் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். தங்களுக்கான சுவரைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

இன்றைக்கு இளைஞர்களின் கண் கொச்சி பக்கம் இருக்கிறது. 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சி பழைய கிடங்குகளிலும் வணிகக் கட்டடங்களிலும் நடப்பது. 2014 முதல் அதனுடன் மாணவர் பினாலேயும் சேர்ந்தது. நாடெங்கும் உள்ள கலைக்கல்லூரி மாணவர்களுக்கு அது திறந்த கதவு. அதே 2014இல் பினாலேயின் இடங்களில் ஒன்றான பெப்பர் ஹவுஸில் பெனிதா பெர்சியாலின் சிற்பங்கள் இருந்தன. திருவண்ணாமலையில் பிறந்து எங்கள் கல்லூரியில் படித்தவர். வாசனைப் பிசினும் மசாலாப் பொருள்களும் மூலிகைகளும் குழைத்துக் கிறிஸ்தவ உருவங்கள் செய்திருந்தார். மிளகும் ஏலமும் கப்பலேறிய ஊரில், அதே கடல்வழி வந்த மதத்தின் உருவங்களை அந்த வாசனையிலேயே செய்து வைத்தார். இடமும் பொருளும் படைப்பும் இப்படிப் பொருந்தி வருவதைத்தான் சமகாலக் கலை என்று என் மாணவத் தம்பிகளுக்குக் காட்டுவேன்.

அருங்காட்சியகத்துக்குள் நுழைவது இன்னொரு படி. அங்கே விற்பனை கிடையாது. படைப்பை இரவல் வாங்கும்போது அதன் ஒவ்வொரு கீறலையும் கறையையும் குறித்துக் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதுவார்கள்; திரும்பிப் போகும்போது அதையே வைத்துச் சரிபார்ப்பார்கள். விலை கொடுத்து வாங்கிச் சேகரிப்பில் வைத்தால் அந்தப் படைப்பு ஓவியருக்குப் பின்னும் இருக்கும். தேசிய நவீன ஓவியக் கூடம் 1954இல் டெல்லியிலும், 1996இல் மும்பையிலும், 2009இல் பெங்களூரிலும் திறக்கப்பட்டது. 1850 முதல் ஓவியர்களை உருவாக்கும் சென்னையில் அதற்குக் கிளை இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. இருபத்தைந்து வயதுக்காரரின் நல்ல படைப்பை அந்த வயதிலேயே வாங்கி வைக்கிற பொது நிறுவனம் இங்கே இருந்தால், எத்தனையோ பேர் விளம்பர நிறுவன வேலையோடு தூரிகையை மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். காட்சிக்கூடம் வசதியானவர்களுக்கு, உள்ளே போனால் வாங்கச் சொல்வார்கள் என்று பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். சென்னையின் பெரும்பாலான கூடங்களில் நுழைவுக் கட்டணமே கிடையாது. இளையவர்களின் கண்காட்சியில் ஓவியர் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார். புரியவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் காலையிலிருந்து நிற்கிறார். தலைப்பும் ஊடகமும் அளவும் வருஷமும் எழுதிய சீட்டு பல இடங்களில் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. நான் மாட்டுகிற கண்காட்சிகளில் தமிழிலும் எழுதச் சொல்கிறேன். சிவகாசிப் பெண்ணின் சீட்டுகளில் தமிழ் மேலே இருந்தது. கட்டடத்துக்குக் காவலுக்கு இருந்த பெரியவர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, தன் மருமகளும் பைண்டிங்குக்குப் போகிறாள் என்று அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் இப்போது வேஸ்ட் ஷீட்டுகளைப் புத்தகம் தைக்கிற நூலாலேயே தைத்து, பெரிய திரையாக்கிக்கொண்டிருக்கிறார். முடியும்போது உயரம் 14 அடி வரும் என்கிறார். 58 அங்குலக் கணக்கு அதற்கு உதவாது. உச்சியிலிருந்து தொங்கவிட வேண்டும். அடியில் காற்று அடிக்கக் கூடாது. கூரை அந்த உயரத்துக்கு இருந்து, வாடகையும் கட்டுப்படியாகிற கூடம் ஒன்றை இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.