உங்களுக்குத் தெரியுமா? 'துபாஷ்' என்றால் யார்?

பழைய ஆங்கில அகராதிகளில் 'துபாஷ்' என்றொரு சொல் உண்டு. நம் ஊர்த் 'துபாசி'தான் அது. இரண்டு மொழி அறிந்தவர் என்பது நேர்ப்பொருள். ஆனால் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் அவர் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. துணிக் கொள்முதல், கடன் ஏற்பாடு, தர்பார் பேச்சுவார்த்தை எல்லாம் அவர் தலையில்தான். பம்பாயிலோ கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்பவர் துபாஷ். 1903இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் இரண்டாம் பதிப்பு, துரைக்கு உடை எடுத்துக் கொடுக்கும் பணியாளையும் இந்தச் சொல் குறிப்பதாகச் சொல்கிறது. எவ்வளவு பெரிய சரிவு!

ஏனென்றால், அந்தப் பதவி உச்சத்தில் இருந்ததைப் பார்த்த ஊர் புதுச்சேரி. ஆளுநர் துய்ப்ளேயிடம் 1747இல் தலைமைத் துபாஷ் ஆனவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் தொடங்கி அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, கப்பல் வரவு, சரக்கு விலை, பீரங்கி மரியாதை, ஊர் வம்பு என ஒன்றையும் விடவில்லை. அன்றைய பேச்சுத்தமிழ் காதில் விழ வேண்டுமானால் அதைத்தான் படிக்க வேண்டும். பின்னாளில் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகவும் வந்தது.

ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீடு இன்றும் இருக்கிறது: கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ்ப் பாணி, மேல்தளம் பிரெஞ்சுப் பாணி.

பிள்ளை மறைந்தது 1761 ஜனவரி 12. நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது.