முதல் தொண்ணூறு நாள்

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பர் 30-க்குள் உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். நெடுங்காடு, திருநள்ளாறு பக்கமிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றில் கேள்வி வேறு: “இதயச் செயலிழப்பு என்று எழுதிவிட்டார்கள். அடுத்த வருஷம் சான்று கொடுக்க இருப்பேனா?”

டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள ‘நிலையாக இருக்கிறார்’ என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அன்றைக்கு மூச்சுத் திணறல் இல்லை, அவ்வளவுதான். 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைத் தொடர்ந்த தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில், ஓராண்டுக்குள் 100-க்கு 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் முதல் 90 நாளுக்குள். சுகாதார நிலையத்தோடு நின்றுவிட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஏன் அந்த மூன்று மாதம்? காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவாக வரும். கடைமடைக்காரரைப் போல, தண்ணீர் வரவில்லை என்றால் வறட்சி என்றே அது முடிவு கட்டும், வடிகாலை அடைத்துவிடும். மேலேயோ ஏரி தளும்பிக்கொண்டிருக்கிறது. ரெனின் என்ற நொதி சுரக்கிறது, ரத்தக்குழாய் சுருங்குகிறது, உப்பும் நீரும் உடம்பிலேயே தங்குகின்றன. காயத்திலும் வயிற்றுப்போக்கிலும் நம்மைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு இங்கே தளர்ந்த இதயத்தின் மேல் மேலும் சுமை ஏற்றுகிறது. கால் வீக்கம் வடிந்த பிறகும் இது ஓய்வதில்லை.

எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் வகை மாத்திரைகள் இந்தச் சங்கிலியை அறுக்கின்றன. ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரிந்தவற்றில் இவையும் உண்டு. ஆனால் சாப்பிட்டதும் எதுவும் தெரியாது. சிறுநீரைப் பெருக்கும் ‘தண்ணி மாத்திரை’ வீக்கத்தை உடனே வடிக்கும். ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. பலர் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பெரும் கவலை இதில்தான்.

ஐந்து வருஷம் இருப்பேனா? 2013-இல் தொடங்கிய திருவனந்தபுரம் பதிவேட்டில் 59 சதவீதம் பேர் ஐந்தாண்டில் இறந்தார்கள். சராசரி வயது 61, முழு மருந்தும் பெற்றவர்கள் கொஞ்சம் பேரே.

சான்றுக்கு அலைய வேண்டுமா? தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால்.

கருவாடு? வேண்டாம், உப்பு அதிகம்.

இந்துப்பு? அதுவும் சோடியம்தான்.

சோடியம் குறைந்த உப்பு? அதில் பொட்டாசியம் உண்டு. எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் வகை மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து.

இதயச் செயலிழப்புக்கான புது மாத்திரைகள் விலை அதிகமாமே? டாபாகிளிஃப்ளோசினுக்கு 2023-லும் எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சிலும் காப்புரிமை முடிந்துவிட்டது. குறைந்த விலைக் கம்பெனி எது என்று டாக்டரிடமே கேளுங்கள்.