ஆடு தீண்டாத கொடியும் அதை உண்ணும் புழுவும்

பல வருடம் ஆளில்லாமற் கிடந்த வளவைத் துப்புரவாக்கும்போது வேலியோரப் பற்றையில் ஆடுதீண்டாப்பாளைக் கொடி அகப்படுவதுண்டு. ஆடு சுற்றியுள்ளதையெல்லாம் மேய்ந்துவிட்டு இதை மட்டும் விட்டுவிடும். நம் முன்னோர் பெயரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

இதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் நஞ்சு உண்டு. ஓட முடியாத செடிக்கு அதுவே வேலி. மனிதருக்கும் அது ஆகாது: சிறுநீரகத்தைப் பழுதாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கென்று விழுங்கிய மூலிகைக் குளிசைகளில் இந்த நஞ்சு இருந்ததால் பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. எனவே பாம்பு கடித்தால் இதன் வேரை இடித்துக் குடித்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் இதே இலையைத் தின்றே வளரும் ஒரு புழு உண்டு. நஞ்சு அதைக் கொல்வதில்லை. புழு அதைத் தன் உடலிற் சேமித்துக்கொள்கிறது. கரிய இறகும் சிவந்த உடலும் கொண்ட வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும்போதும் அந்த நஞ்சு கூடவே இருக்கும். கொத்திப் பார்த்த குருவி பிறகு கிட்டப் போகாது. இதற்கு விலையும் உண்டு: இந்தக் கொடியினத்தை விட்டால் அப்புழுவுக்கு வேறு உணவில்லை.

தேசி, தோடை, கறிவேப்பிலை ஆகியவற்றில் வளரும் வேறொரு வண்ணத்துப்பூச்சிக்கு அந்த நஞ்சில்லை. ஆயினும் அதன் பெண்களிற் பல, நஞ்சுடையதைப் போலவே வேடம் பூண்டு தப்புகின்றன. உடல் மட்டும் கறுப்பாயிருக்கும்; உற்றுப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். எங்கோ ஒரு கொடியிலுள்ள நஞ்சு, அதைத் தொட்டும் பாராத பூச்சியின் நிறத்தையே மாற்றிவிட்டது!

வெப்பவலயக் காட்டில் இது ஆயிரம் மடங்காக நடக்கிறது. பனாமாவிலும் பெருவிலும் இங்கா என்னும் அவரைக் குடும்ப மரங்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு இதுதான்: அயலயலாக வளரும் இனங்கள் உறவினராயினும், அவற்றின் தற்காப்பு முறைகள் வேறுபடுகின்றன. ஒரு மரத்தின் நஞ்சை வென்ற புழு பக்கத்து மரத்தில் பட்டினி கிடக்கும். அங்கே வேறொரு புழு பிழைக்கும். செடிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் இப்படி ஒன்றையொன்று மாற்றிப் பெருகின என்று ஏர்லிக், ரேவன் என்ற இருவர் 1964இலேயே எழுதினார்கள்.

ஒரே பயிரை ஏக்கர் கணக்கில் நட்டால் புழுவுக்குத் தடையேது? ஒரு பூட்டைத் திறந்தது எல்லா அறைக்குள்ளும் புகுந்துவிடும்.

தேசியிலே குருவி எச்சம்போல ஒட்டியிருக்கும் புழுவைக் கண்டதும் மருந்து அடிக்க ஓடவேண்டியதில்லை. வளர்ந்த மரம் தாங்கும். கன்றாயிருந்தால் காலையில் கையாற் பொறுக்கிவிடுங்கள். கறிவேப்பிலையையும் ஒருதரம் பாருங்கள், அதிலும் அதே புழு இருக்கும்.