கட்டற்ற கலைக்களஞ்சியமும் கல்லூரி மாணவரும்

அறிந்தவற்றைத் தொகுத்து வைத்தல் தமிழர்க்குப் புதிய செயலன்று. சிதறிக் கிடந்த பாடல்களைத் திணையாலும் அடியளவாலும் வகுத்துத் தொகை நூல்களாக்கியதும், சொற்பொருளை நிகண்டுகளில் அடைத்ததும் நம் முன்னோர் பணிகள். அச்சுக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902-இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இலும் வெளிவந்தன. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தளித்தார். இவை அனைத்தும் அறிஞர் எழுத மாணவர் படித்தவை.

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இம்முறையைப் புரட்டிப் போட்டது. அதில் மாணவரும் எழுதலாம். அறிஞர் எழுதியதை மாணவர் திருத்தவும் செய்யலாம். தொடக்க ஆண்டுகளில் அதனைத் தோளிற் சுமந்தவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞரான இ. மயூரநாதன். தமிழ்ப் பேராசிரியர் அல்லாத அவர்க்கு 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது வழங்கப்பெற்றது என்பது நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்கது. 2010-இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்க்கெனக் கட்டுரைப் போட்டியும் நடந்தது. 2017-இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டிய இக்களஞ்சியம் இன்று ஒன்றரை இலட்சத்தையும் கடந்துவிட்டது. இதில் நம் மாணவர் முதலடி வைக்கும்போது எங்கே தடுக்கி விழுகின்றனர், அவர்களை எவ்வாறு நடத்திச் செல்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விழுந்த இடங்கள்

முதல் வீழ்ச்சி என்னுடையது. கணினிக் கூடத்தில் முப்பது மாணவரை அமர்த்தி, "எல்லோரும் கணக்குத் தொடங்குங்கள்" என்றேன். ஆறு பேர்க்குக் கணக்குக் கிடைத்தது. எஞ்சியோர்க்குக் கதவு அடைத்துக்கொண்டது. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க இயலாது என்னும் காப்பு ஏற்பாட்டை நான் அறிந்திருக்கவில்லை. மாணவர் முன்னதாகவே தத்தம் வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வருவது எளிது. மாணவியர் தம் இயற்பெயரை வெளியிட வேண்டுவதில்லை, புனைபெயரே போதும்.

இரண்டாம் வீழ்ச்சி ஒரு மாணவருடையது. சீறாப்புராணம் பற்றி மூன்று பத்திகள் எழுதிச் சேர்த்தார். மறுநாள் முகம் வாடி வந்து, "ஐயா, என் கட்டுரையை யாரோ அழித்துவிட்டார்கள்" என்றார். பார்த்தேன். மூன்று பத்திகளும் ஓர் ஆய்வு நூலிலிருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டவை. பிறர் நூலை அப்படியே பெயர்த்தெழுதுவது பதிப்புரிமை மீறல் என்பதால் நீக்கியிருந்தனர். நீக்கியவர் மாணவரின் உரையாடல் பக்கத்தில் பரிவோடு காரணமும் எழுதியிருந்தார். உரையாடல் பக்கம் என ஒன்று உண்டென்பதே மாணவர்க்குத் தெரியாது. பிழை அவருடையது என்பதைவிட எம்முடையது எனல் பொருந்தும். ஒப்படைப்பு எழுதும்போது நூலைப் பார்த்துப் படியெடுத்து வந்தால் மதிப்பெண் கொடுத்துப் பழக்கியவர் நாமல்லரோ?

எனவே, எழுதுவதற்கு முன் படிக்கப் பழக்குகிறேன். ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் 'வரலாறு' என்றொரு பகுதி உண்டு. எவர் எந்நாளில் எச்சொல்லை மாற்றினார் என்பது அங்கே அழியாமல் நிற்கும். ஒரு வாரம் அதனை மட்டும் படிக்கச் சொல்வேன். தம் எழுத்தைப் பிறர் திருத்துவது இழிவன்று, அங்கே அதுவே நடைமுறை என்பது அப்போதுதான் விளங்கும். பிறகு 'மணல்தொட்டி'யில் பயிற்சி. மணலில் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளியை இப்பெயர் நினைவூட்டுகிறது. அடுத்து, இருக்கும் கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழை திருத்தல். சந்திப்பிழை கண்ணிற் படுவதில் தமிழ் மாணவரை வெல்வார் இல்லை. புதுக்கட்டுரை கடைசியில்தான். ஐயம் எழுந்தால் 'ஒத்தாசைப் பக்கம்' உண்டு. பொதுவான கருத்தாடலுக்கு 'ஆலமரத்தடி' உண்டு. பெயர் வைத்தவர் ஊர்ப் பழக்கம் அறிந்தவர்!

யார் சொன்னது?

எந்திரத்தைப் பழகுவது இரண்டு நாள் வேலை. நடையைப் பழகுவதே கடினம். "காவிரி பாய்ந்து வளம் கொழிக்கும் மலைக்கோட்டை மாநகரின் மணிமகுடமாய்த் திகழும் திருவரங்கம்" என்று எழுதினால் பட்டிமன்றத்தில் கைதட்டல் கிடைக்கும். களஞ்சியத்தில் அவ்வரி நில்லாது. "திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள தீவு. இங்குள்ள அரங்கநாதர் கோயில் ஏழு திருச்சுற்றுகளையும் இருபத்தொரு கோபுரங்களையும் உடையது. இதன் இராசகோபுரம் 1987-இல் நிறைவுற்றது" என்று எழுதினால் நிற்கும். அவ்வரிகளுக்கும் சான்று காட்ட வேண்டும்.

சான்று என்னும் சொல்லை விளக்க நம் மாணவர்க்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நபிமொழிக் கலையில் செய்தி ஒருபுறம். அச்செய்தியை யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரான இஸ்னாத் மறுபுறம். தொடர் அறுந்தால் செய்தி எத்துணை இனிதாயினும் அறிஞர் அதனை வலுவுடையதாகக் கொள்ளார். இதை மதரஸாவில் கேட்டு வளர்ந்த மாணவர், அடிக்குறிப்பு ஏன் என்று என்னிடம் இரண்டாம் முறை கேட்பதில்லை. இக்காலத்தில் இஃது இன்னும் தேவையாகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் அழகிய கட்டுரையோடு நூற்பெயரும் பக்க எண்ணும் தருகிறது. நூலகத்திற் சென்று தேடினால் அப்படியொரு நூலே இருப்பதில்லை.

துலுக்க நாச்சியார்

நடுநிலை என்பதை விளக்க நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். திருவரங்கக் கோயிலில் துலுக்க நாச்சியார் சன்னிதி உண்டு. அங்கே சிலை இல்லை, சுவரோவியமே வழிபடப்பெறுகிறது. தில்லி சுல்தானின் மகள் அரங்கனின் திருமேனி மீது காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்தாள் என்பது கதை. இதைப் பற்றி ஒரு பத்தி எழுதுக என்றேன்.

வந்தவை இரு வகை. சிலர் நடந்த வரலாறாகவே எழுதினர். சிலர், குறிப்பாக நம் சமுதாய மாணவர், "இது முழுக் கட்டுக்கதை" என்று ஒரே வரியில் முடித்தனர். இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். கதை எங்கே உள்ளது? கோயிலின் நடைமுறைகளைப் பதிவு செய்த 'கோயிலொழுகு' என்னும் நூலில் உள்ளது. ஆகவே, "கோயிலொழுகு இவ்வாறு கூறுகிறது" என்று எழுதலாம். அது மறுக்கவியலாத உண்மை. சிலர் இதனை இராமானுசரோடு இணைத்திருந்தனர். அது கருநாடகத்து மேலக்கோட்டையில் வழங்கும் வேறொரு கதை. மேலும், இராமானுசர் 1137-இல் மறைந்தார் என்பது மரபு. தில்லி சுல்தானியம் தோன்றியதோ 1206-இல். மாலிக் காபூர் படையெடுப்பு 1311. உலுக்கான் படையெடுப்பு 1323. திருமேனி திருவரங்கம் மீண்டதைச் சொல்லும் கல்வெட்டு சகம் 1293, அதாவது கி.பி. 1371. இவற்றை வரிசையாக வைத்தபின், எது கல்வெட்டுச் செய்தி, எது மரபுச் செய்தி என மாணவரே பிரித்தனர். படையெடுப்பை மறைக்கவும் வேண்டாம். அதற்காக இன்றிருப்பவர் எவரையும் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். நாட்டு மக்கள் நெடுங்காலமாக ஒரு முஸ்லிம் பெண்ணைக் கோயிலுக்குள் வைத்துக் கதை சொல்லி வந்திருக்கின்றனர் என்பதும் ஒரு செய்தியே.

அதே அளவுகோலைப் பின் நத்தர்வலி தர்காவுக்கும் வைத்தேன். அப்பெரியார் 11-ஆம் நூற்றாண்டினர் என்பது மரபு. அங்கே "மரபு கூறுகிறது" என்றே எழுத வேண்டும். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாசா 1795-இல் இறந்தார், அவர் அங்கே அடக்கம் செய்யப்பெற்றார் என்பவை வரலாறு. இம்முறை முகம் சுளித்தவர் வேறு மாணவர். எனினும் எழுதினர்.

சமுதாயப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட வினாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். நபிகள் நாயகத்தின் பெயரை அடுத்து (ஸல்) என்று இடாமல் எழுதச் சொல்லிக் கொடுப்பது முறையா என்றார். வினாவில் வலி இருந்தது. கலைக்களஞ்சிய நடையில் வாழ்த்துரையும் அடைமொழியும் எவர்க்கும் இடுவதில்லை. இராமானுசர்க்கும் இல்லை, இயேசுவுக்கும் இல்லை. பிறந்தார், உரைத்தார் என்னும் மரியாதைப் பன்மை தமிழில் இருப்பதே நமக்கு வாய்த்த பேறு. கை எழுதும்போது நா ஸலவாத்துச் சொல்வதை எவரும் தடுக்கப் போவதில்லை என்றேன். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பிள்ளைகளிடம் இதையும் சொல்லிவிடுங்கள்" என்றார். சொல்லி வருகிறேன்.

எழுத வேண்டியவற்றுக்குக் குறைவில்லை. மேற்கோள் வடிவில் சில பாடல்களே எஞ்சிய பல்சந்தமாலை, 1572-இல் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா, ஆலிப் புலவரின் மிகுராசு மாலை எனத் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் விரித்தெழுத இடமுள்ளவை பல. நம் திருச்சியில் வாழ்ந்த பிச்சை இபுறாகீம் புலவரைப் பற்றி இவ்வூர் மாணவர் எழுதாமல் வேறு எவர் எழுதுவார்? தமிழிணையம் மின்னூலகத்திலும் நூலகம் தளத்திலும் பழைய நூல்கள் பல படிக்கக் கிடைக்கின்றன. படங்களைப் பொறுத்தவரை, இணையத்தில் கண்டதை எடுத்து ஒட்டாமல், தாமே எடுத்த படத்தை உரிமை வழங்கி ஏற்றுதல் வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் காவிரியைக் கடந்து சிறிது நேரத்தில் திருவரங்கம். நத்தர்வலி தர்காவோ ஊருக்குள்ளேயே உள்ளது.

வரும் பருவத்தில் சனிக்கிழமைதோறும் மாவட்ட மைய நூலகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். நூல் எடுத்துக் குறிப்பெழுதுவது அங்கே. தட்டச்சு செய்வது மறுநாள். தத்தம் இல்லங்களில் பாட்டன் காலத்து அச்சு நூல்களோ, அரபுத் தமிழ்ச் சுவடிகளோ வைத்திருக்கும் பெரியோர் அவற்றைக் கொடுக்க வேண்டுவதில்லை. அரை மணி நேரம் பார்க்க இசைந்தால் போதும். தலைப்புப் பக்கத்தையும் பதிப்பாண்டையும் மாணவர் குறித்துக்கொள்வர்.