பழைய எண்ணெய்க்கும் ஒரு விலை உண்டு

திண்டிவனத்துல பஸ் மாறும்போது சூடா ரெண்டு பஜ்ஜி, ஒரு டீ. விழுப்புரம் போய்ச் சேரும்வரை பசி தாங்கும். ஆனால் அந்தப் பஜ்ஜி போட்ட எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா?

முடியாது. சிக்கலே அங்கேதான். பழைய எண்ணெயையே மறுபடி பயன்படுத்தினால் கடைக்காரருக்கு அன்றைக்கே பணம் மிச்சம். அதன் கெடுதலோ பல வருஷம் கழித்து உங்கள் ஆஸ்பத்திரிச் செலவில் வந்து நிற்கும். தினமும் எண்ணெய் மாற்றுகிறவர் விலையைக் கூட்டினால், வித்தியாசம் தெரியாத நாம் பக்கத்துக் கடைக்குப் போயிடுவோம். நேர்மையானவருக்குத்தான் நஷ்டம். லாபம் ஒருவருக்கு, பாதிப்பு இன்னொருவருக்கு என்றாகும் இத்தகைய இடங்களில்தான் அரசு விதி தேவைப்படுகிறது.

விதி என்ன சொல்கிறது?

திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் 'மொத்த துருவச் சேர்மங்கள்' பெருகும். ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் அடைப்பு, கல்லீரல் நோய் போன்றவற்றோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு. இவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இது நாடு முழுக்க நடைமுறையில் உள்ளது. கையடக்கக் கருவியை எண்ணெயில் நனைத்தால் கடையிலேயே அளவு தெரிந்துவிடும்.

கழித்த எண்ணெய் எங்கே போகும்?

ஒவ்வொரு தள்ளுவண்டிக்கும் ஒரு அதிகாரியை நிறுத்த முடியாது. கழித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினால் அடைப்பும் நீர் மாசும்தான் மிச்சம். அதனால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஆகஸ்டில் 'ரூகோ' திட்டத்தைத் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி, பயோடீசல் தயாரிக்க அனுப்புகின்றன. கொட்ட வேண்டிய எண்ணெய்க்குக் காசு கிடைத்தால், புது எண்ணெய் வாங்கும் செலவில் ஒரு பகுதி கடைக்காரருக்குத் திரும்பி வருகிறது. விதியைப் பின்பற்றுவது அவருக்கும் கட்டுப்படியாகும். சின்னக் கடையில் சேர்வது கொஞ்சம்தான். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே கேனில் சேமித்தால், எடுக்க வருகிறவருக்கும் வண்டிச் செலவு கட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரைத்துப் புகைந்தால் சந்தேகப்படுங்கள்.
* கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.
* புகார் செய்ய, கடையின் பெயர், இடம், போட்டோவுடன் 94440 42322 என்ற உணவுப் பாதுகாப்புத் துறை எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள்.
* வீட்டில் பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தி முடித்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.