சந்தனமா, வெட்டிவேரா?

ஐப்பசி மழையில் திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் அத்தர் வாங்க நினைக்கிறீர்களா? ஆணும் பெண்ணும் ஒருபோலப் பூசிக்கொள்ள ஏற்ற இரண்டு மணங்கள், சந்தனமும் வெட்டிவேரும்.

சந்தனத் தைலம் மரத்தின் வைரப் பகுதியிலிருந்து வடிப்பது. நமக்குப் பக்கத்து ஜவ்வாது மலையே சந்தன மரங்களுக்குப் பேர்போனது. சான்டலால் என்ற பொருள்தான் அந்த மென்மையான இனிப்பு மணத்தைத் தருகிறது. பூசியவரை நெருங்கினால்தான் தெரியும். ஆனால் நெடுநேரம் நிற்கும்.

வெட்டிவேர் அப்படியல்ல. கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் விளையும் இந்தப் புல்லின் வேர்த் தைலம், எடுத்த எடுப்பிலேயே ஈரமண்ணும் புகையும் கலந்தாற்போல் தூக்கலாக வரும். பிறகு மெல்ல அடங்கும். இதுவும் எளிதில் ஆவியாகாது. அதனால்தான் பூ மணங்கள் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்துவைக்க, வாசனைத் திரவியம் செய்வோர் இவ்விரண்டையும் சேர்க்கிறார்கள்.

வெட்டிவேரைக் கோடைக்கே உரியதென்று ஒதுக்க வேண்டாம். மழை நாளுக்கு அதுவே பொருத்தம் என்பேன். கார்த்திகை தீபத்தன்று கோயிலுக்குப் போக, சந்தனம்.

அசல் சந்தனத் தைலம் விலை மிகுந்தது. மலிவாகக் கிடைத்தால் கலப்பாகவே இருக்கும். மணிக்கட்டில் ஒரு துளி தொட்டு, அரைமணி நேரம் பொறுத்து முகர்ந்த பிறகு வாங்குங்கள்.