இடாப்பில் ஒரு பெயர்

பதினெட்டு வயது நிறைந்த தோட்டத்து இளைஞனுக்கும் யுவதிக்கும் வாக்குரிமை இன்று இயல்பானதாகத் தோன்றலாம். அதன் வரலாறோ வேறு.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் வாக்குகளால் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாத் தொகுதியில் வெற்றி பெற்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்க இயலாதவராயினர். மக்கள் வாக்கினால் தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தது 1977இலேதான். நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று.

இவ்வுரிமையால் பயன் என்ன? பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடுவதற்குச் சட்டம் நெடுங்காலம் தடையாய் இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை நீக்கிற்று. ஆகவே, லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுமாறு தாம் தெரிந்தெடுத்த உறுப்பினரைக் கேட்க இளைஞர்க்கு இடமுண்டு.

எனினும், வாக்காளர் இடாப்பில் பெயரில்லாதவர் வாக்களிக்க முடியாது. கொழும்புக்கு வேலை தேடிச் சென்றவரும், இடாப்பு திருத்தப்படும் காலத்தில், தம் பெயர் உள்ளதா எனக் கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்தறிதல் வேண்டும். முன்னோர் பல்லாண்டு இழந்திருந்த உரிமையைக் காக்கும் முதற்கடமை அதுவே.